சொன்னேன், யாரு கேட்டாங்க

காத்திவாக்கத்தில் மீன் விற்கும் பெண்களுக்குக் கை வலிப்பது செய்தியே இல்லை. ஐஸும் உப்புத் தண்ணீரும் அரிவாள்மனையும் சேர்ந்தால் வலிக்கத்தானே செய்யும் என்பார்கள். என் அம்மாவின் விரல்கள் வீங்கியபோதும் அப்படித்தான் சொன்னார்கள். ஆயா வாய்வு என்றார். அப்பா மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கித் தந்தார். காலையில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அவளால் விரலை மடக்க முடியாது. பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறப்பாள். பகலெல்லாம் அசதி. வீட்டில் அதற்கு வைத்த பெயர் சோம்பல்.

நான்கு வருடம் கழித்துத்தான் முடக்குவாதம் என்று தெரிந்தது. "ஏம்மா இவ்ளோ நாளா சொல்லல?" என்று டாக்டர் கேட்டார்.

"சொன்னேன் சார். யாரு கேட்டாங்க?"

கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தபோது அந்த அசதியின் காரணம் எனக்குப் புரிந்தது. முடக்குவாதத்தில் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே தாக்குகிறது. மூட்டின் உள்சவ்வில் இருக்கும் செல்கள் சைட்டோகைன் என்னும் சிறு புரதங்களை வெளியிடுகின்றன. அவற்றில் முக்கியமானது டிஎன்எஃப். அது அடுத்த செல்லுக்குள் நுழைவதில்லை; அதன் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிப் புரதத்தைப் பற்றுகிறது. மூன்று ஏற்பிகள் ஒன்றுகூடுகின்றன. உள்ளே ஒரு புரதம் இன்னொன்றைத் தூண்ட, கட்டுண்டு கிடந்த என்எஃப்-கப்பா பி விடுபட்டு உட்கருவுக்குள் போய் அழற்சிக்கான மரபணுக்களை இயக்குகிறது. செல் இன்னும் டிஎன்எஃப் செய்கிறது, கூடவே இன்டர்லூகின்-6. இது ரத்தத்தோடு கல்லீரலுக்குப் போய் அங்கே சிஆர்பி புரதத்தைப் பெருக்குகிறது; இரும்புச்சத்தைச் சேமிப்பிலேயே பூட்டவைத்து ரத்தசோகையையும் கொண்டுவருகிறது. அம்மாவின் சோம்பல் இதுதான்.

லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் 1992இல் லண்டனில் டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வீக்கம் வடிந்தது. 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எட்டனர்செப்ட்டில் ஏற்பியின் ஒரு பகுதியே மருந்து. அது டிஎன்எஃப்பைப் பிடித்துக்கொள்வதால் செல்லுக்குச் செய்தி போய்ச் சேராது.

அம்மாவுக்கு அவ்வளவு விலையுள்ள ஊசி தேவைப்படவில்லை; மெத்தோட்ரெக்சேட் மாத்திரைக்கே வீக்கம் அடங்கியது. ஆனால் அதற்குள் கோணிப்போயிருந்த இரண்டு விரல்கள் நிமிரவில்லை.

ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு, மூன்று மடங்கு அதிகமாக வரும் நோய் இது. சிஆர்பி எண்ணைக் காகிதத்தில் பார்த்த அன்றே வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவள் வாய்ச்சொல்லுக்கு நான்கு வருடம் அந்த மதிப்பு இல்லை.

இப்போது தெருவில் எந்தப் பெண் காலையில் கை மடங்கவில்லை என்றாலும், "எவ்ளோ நேரம்?" என்று அம்மா கேட்கிறாள். ஒரு மணி நேரம் என்று பதில் வந்தால், வாய்வு என்று யாரையும் சொல்லவிடுவதில்லை. மறுநாளே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போகிறாள்.