சாயம் வெளுக்கும்... சொல்லியே விக்கிறேன்!

உங்க வீட்டு சோபாவுல கிடக்குற குஷனைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். ஜன்னலைப் பார்த்த பக்கம் ஒரு கலர், அடியில இருந்த பக்கம் இன்னொரு கலரா இருக்கா? வெயில் அது வேலையைச் செஞ்சிருக்கு, அவ்வளவுதான். அந்தக் குஷன் எங்ககிட்ட வாங்கினதா இருந்தா, இப்படி ஆகும்னு துணியைக் கையில கொடுக்கும்போதே சொல்லியிருப்பேன்.

‘என்னம்மா... சாயம் வெளுக்கும்னு சொல்லியே வியாபாரம் பண்றியா?’ன்னு நீங்க கேக்குறது காதுல விழுது. எங்க அம்மா தினமும் கேக்குற கேள்விதான்!

சென்னிமலைக்குப் பக்கத்துல எங்க ஊர். வீட்டுக்குப் பின்னாடி, ஒரு காலத்துல மாட்டுக் கொட்டகையா இருந்த இடம்தான் என் ‘ஃபேக்டரி’. நாலு எவர்சில்வர் அண்டா, ரெண்டு மண் தாழி, விறகடுப்பு, ஒரு தையல் மெஷின். துணி நெய்ய பக்கத்துத் தெரு கைத்தறிக்காரர் ஒருத்தர், தைக்க ஒரு அக்கா, மத்த எல்லாத்துக்கும் நான். குஷன் கவர், டேபிள் விரிப்பு, ஜன்னல் திரை, டீ டம்ளருக்கு அடியில வைக்கிற குட்டித் துணி... இதான் சரக்கு. சாயம் எல்லாமே பூ, வேர், பட்டை, இலை. படிச்சது பி.காம்., அதனால கெமிஸ்ட்ரி எல்லாம் அண்டாவுல கத்துக்கிட்டதுதான்.

காலேஜ் முடிச்ச கையோட இப்படி ஏதாவது ஆரம்பிக்கலாம்னு உங்கள்ல நாலு பேருக்காவது ஐடியா இருக்கும். ரீல்ஸ் பார்த்தா ரொம்ப ஈஸியாத் தெரியும். பீட்ரூட்டைக் கொதிக்க வெச்சு வெள்ளைத் துணியை முக்குவாங்க, சூப்பரா ஒரு ரோஸ் கலர் வரும், லைக்ஸ் குவியும். நாலாவது அலசல்ல அந்த ரோஸ் எங்க போச்சுன்னு அடுத்த ரீல் வரவே வராது! பீட்ரூட் சமையல்கட்டுச் சமாச்சாரம் பாஸ், அதைப் பொரியலோட விட்டுடுங்க.

“உங்க ஊர்தான் மஞ்சளுக்குப் பேர்போன ஊராச்சே, அதை வெச்சே சாயம் போட்டுடலாமே?”ன்னு கேக்காத ஆளே கிடையாது. ஈரோடு மஞ்சள், 2019-ல புவிசார் குறியீடு வாங்கின மஞ்சள். எனக்கும் பெருமைதான். ஆனா வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டினா என்ன ஆகும்னு யோசிங்க. சோப்பு போட்டதும் மஞ்சள் கறை சிவப்பாகும். வெயில்ல ரெண்டு நாள் கிடந்தா கறையே காணாமப் போகும். அம்மாக்களுக்கு அது நல்ல விஷயம், சாயக்காரிக்கு இல்லை. நான் எந்தக் கலரையும் விக்கிறதுக்கு முன்னால ஒரு துண்டுத் துணியில ஏத்தி, பாதியை அட்டை வெச்சு மூடி, தெக்குப் பாத்த ஜன்னல்ல ரெண்டு வாரம் தொங்கவிடுவேன். மஞ்சள் ஒரு வாரம்கூடத் தாக்குப்பிடிக்கலை. எங்க ஊர்ப் பெருமை அப்படியே நாட்டு மருந்துக் கடையோட நின்னுபோச்சு.

அதுக்குப் பதிலா வந்தது செண்டுமல்லி. கோயில்ல வாடின மாலை, கடைவீதியில மிஞ்சின பூன்னு மூட்டை மூட்டையாக் கிடைக்கும். ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்களுக்கு தீபாவளி மாதிரி! லாரி, பஸ், லேத் பட்டறைன்னு எல்லா இடத்துலயும் தொங்கின சரத்தைக் கேட்டு வாங்கிட்டு வந்து, நிழல்ல காய வெச்சு, சாக்குல கட்டி வெச்சுக்குவேன். நல்லாக் காய்ஞ்ச பூவை, துணி என்ன எடையோ அதே எடைக்குப் போட்டா, பொன்னு மாதிரி ஒரு மஞ்சள் இறங்கும். இது ஜன்னல்ல நின்னுச்சு. கொஞ்சம் மங்குச்சு, ஆனா நின்னுச்சு.

பூவைப் போட்டுக் கொதிக்கவிட்டா மட்டும் ஆச்சுன்னு நினைச்சுடாதீங்க. தறியில இருந்து வர்ற காடாத் துணியில கஞ்சி இருக்கும், பருத்தியோட சொந்த மெழுகும் இருக்கும். சலவை சோடா போட்டு வேக வெச்சா, தண்ணி டிகாக்‌ஷன் மாதிரி பழுப்பா இறங்கும். அதை அலசிட்டு, கடுக்காய்ப் பொடி கரைச்ச தண்ணியில ஊறவெச்சுக் காயப்போடணும். அப்புறம் படிகாரத் தண்ணி. பருத்திக்கும் பூவோட சாயத்துக்கும் நேரடிப் பழக்கம் கிடையாது, நடுவுல படிகாரம்தான் தூது போகணும். அதுக்கப்புறம்தான் பூவே! ஒரு குஷன் கவர் இந்த வரிசையெல்லாம் தாண்டி வெளியே வர எனக்கு அஞ்சு நாள் ஆகும். மழைக்காலம்னா எட்டு நாள்.

அதே கடுக்காய்த் துணியை இரும்புத் தண்ணியில முக்கினா வேற கதை. துருப்பிடிச்ச ஆணி, லாடம், வெல்லம் எல்லாம் போட்டு ஒரு தாழியில மூணு வாரம் புளிக்கவிட்ட தண்ணி அது. கலம்காரி போடுறவங்க கறுப்புக் கோடு இழுக்கறது இதுலதான். கெட்டியா இருந்தா கறுப்பு, தண்ணி சேத்தா ஆடி மாசத்து மேகம் மாதிரி சாம்பல். அந்தச் சாம்பலுக்கு நான் ‘ஆடி’ன்னே பேர் வெச்சிருக்கேன். எங்ககிட்ட அதிகமா போற கலரும் அதுதான்.

இப்ப உங்களுக்கு ஒரு கேள்வி. சுத்தி எங்க பார்த்தாலும் பச்சைதானே... பச்சைச் சாயத்துக்கு எந்த இலையை அரைக்கணும்?

எதை அரைச்சாலும் பிரயோஜனம் இல்லை! இலையில இருக்கிற பச்சை துணியில நிக்காது. கொஞ்ச நாள்ல காய்ஞ்ச வைக்கோல் கலராயிடும். பச்சை வேணும்னா ரெண்டு தடவை முக்கணும், முதல்ல நீலம், மேல மஞ்சள். நீலத்துக்கு அவுரி. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் விளையுற செடி. இலையை ஊறவெச்சு, அந்தத் தண்ணியை அடிச்சுக் கலக்கினா அடியில நீலம் படியும், அதைக் கட்டியாக்கி விப்பாங்க. அந்தக் கட்டி சும்மா தண்ணியில கரையாது. சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்து, தகரை விதையை வேகவெச்சு ஊத்தி, தாழியைப் புளிக்க வைக்கணும். நாத்தம்னா நாத்தம், பக்கத்து வீட்டு அத்தை ஜன்னலைச் சாத்திக்குவாங்க. ஆனா ஒண்ணு... தாழிக்குள்ள இருக்கிற தண்ணி நீலமாவே இருக்காது, மஞ்சள் கலந்த பச்சை. முக்கி எடுத்த துணியும் அப்படித்தான் வரும். காத்துப் பட்டதும் உங்க கண்ணு முன்னாலயே ஓரத்துல இருந்து நீலம் ஏறும் பாருங்க... நாலு வருஷமாப் பாக்குறேன், இன்னமும் அந்த நேரத்துல போன் வந்தா எடுக்க மாட்டேன்.

அந்த நீலத்தை அலசிக் காயவெச்சு, கடுக்காய், படிகாரம், செண்டுமல்லின்னு திரும்ப ஒரு சுத்து சுத்தினா, வேப்பங்கொழுந்துப் பச்சை. அதனாலதான் எங்ககிட்ட பச்சை மட்டும் அம்பது ரூபாய் அதிகம்.

சரி, ஏன் இவ்வளவு கஷ்டம்? கடையில பாக்கெட் சாயம் கிடைக்கலையா? கிடைக்குது. அதைக் கிண்டல் பண்ற ஆள் நான் இல்லை. 1856-ல லண்டன்ல வில்லியம் பெர்க்கின்னு ஒரு பதினெட்டு வயசுப் பையன், லீவுல வீட்டு லேப்ல மலேரியாவுக்கு மருந்து பண்ணப் போய், கையில ஊதாச் சாயத்தோட நின்னான். செயற்கைச் சாயத் தொழிலே அங்கிருந்துதான் கிளம்புச்சு. 1897-ல ஜெர்மன்காரங்க செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவர, நம்ம அவுரி வயல்கள் படுத்துடுச்சு. ஆனா ஏழை வீட்டுக்கும் கலர் புடவை வந்தது அந்தச் சாயத்தாலதானே?

எங்க அப்பா பதினெட்டு வருஷம் திருப்பூர்ல சாயப்பட்டறையில வேலை பார்த்தவர். அந்தச் சம்பளத்துலதான் நான் காலேஜ் படிச்சேன். அதே பட்டறைகளோட தண்ணிதான் நொய்யல்ல ஓடிவந்து எங்க அப்பாரு நிலத்தைக் கெடுத்துச்சு. ரெண்டும் உண்மை. பருத்தியில அந்தச் சாயம் ஏற உப்பு நிறையக் கொட்டணும். சுத்திகரிக்காம விட்டா அந்த உப்பு அப்படியே ஆத்துக்கு வரும். எங்க ஊர்ப் பக்கம் ஒரத்துப்பாளையத்துல பாசனத்துக்குன்னு 1992-ல ஒரு அணை கட்டினாங்க. சாயத் தண்ணி தேங்கி, ‘தயவுசெஞ்சு தண்ணியைத் தொறந்து விடாதீங்க’ன்னு விவசாயிகளே சொல்ற அணையா அது ஆயிடுச்சு. 2011 ஜனவரியில சென்னை உயர் நீதிமன்றம், கழிவை வெளியே விடாத ஏற்பாடு பண்ற வரைக்கும் பட்டறைகளை மூடச் சொன்னது. அன்னிக்கு அப்பாருக்குச் சந்தோஷம், அப்பாவுக்கு வேலை இல்லை. ஒரே திண்ணையில ரெண்டு பேரும் பேசாம உட்கார்ந்திருந்தாங்க. நான் அப்ப ஸ்கூல்.

அதனால ‘இயற்கை’ங்கிற வார்த்தையை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் கை நடுங்கும். இயற்கைச் சாயம்னாலே சுத்தம்னும் கிடையாது. கலர் பளிச்சுனு வர மயில்துத்தம் போடுறவங்க உண்டு, அது விஷம். நான் விறகு எரிக்கிறேன், தண்ணியும் குறைச்சலாச் செலவழிக்கலை. ஆனா என் அண்டாவுல மிஞ்சுற படிகாரத் தண்ணி அடுத்த துணிக்குப் போகும், பூச்சக்கை எருக்குழிக்குப் போகும். என்னால கணக்குச் சொல்ல முடியுது, அது போதும்.

போன வருஷம் சென்னையில ஒரு பெரிய கடையில இருந்து கூப்பிட்டாங்க. குஷன் கவர் முந்நூறு, ஒண்ணு 380 ரூபாய். மொத்தம் 1,14,000. நான் மாசத்துக்கு அறுபது, எழுபது விக்கிற ஆள், மனசுக்குள்ள எப்படி இருந்திருக்கும்! ரெண்டே கண்டிஷன். முந்நூறும் ஒரே ஷேடுல இருக்கணும், துவைச்சா மாறக் கூடாது. ‘அது முடியாது சார்... போர் தண்ணி மாறினாலே கலர் மாறும், இரும்பு சத்து இருந்தா மஞ்சளே மங்கிடும், மூணு ஷேடா தர்றேன்’னேன். அந்த மனுஷர் சிரிச்சுட்டே சொன்னார்: “நீங்க எதுல வேணா சாயம் போடுங்க மேடம். டேக்ல மட்டும் இயற்கைச் சாயம்னு போட்டுக் குடுங்க. கஸ்டமருக்கு எங்க தெரியப்போகுது?”

அவர் சொன்னதுல ஒரு விஷயம் நிஜம், கஸ்டமருக்குத் தெரியாது. புதுசுல பார்த்தா எனக்கே சட்டுனு தெரியாது.

அன்னிக்கு ராத்திரி நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். பேங்க் லோன் பாக்கி, தையல் அக்கா பொண்ணோட ஸ்கூல் ஃபீஸுக்கு நான் தர்றதாச் சொன்ன அட்வான்ஸ், தறிக்காரருக்கு ரெண்டு பாவுக்குப் பணம். எல்லாம் ஒரே ஆர்டர்ல தீரும். அப்பா எட்டிப் பார்த்துட்டு, “பாக்கெட் சாயம்னா நானே ரெண்டு நாள்ல போட்டுக் குடுத்துருவேன் கண்ணு”ன்னார். நக்கலாச் சொல்லலை, நிஜமாவே உதவத்தான் வந்தார். டேக் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். “அதை நீயே யோசிச்சுக்கோ”ன்னுட்டுப் போய்ப் படுத்துட்டார்.

மறுநாள் போன் பண்ணி முடியாதுன்னேன். லோன் தவணை ரெண்டு மாசம் தள்ளிப்போச்சு, வட்டி கூடுச்சு. அம்மா மூணு நாள் எங்கிட்டப் பேசலை. தறிக்காரர் மட்டும், “அம்மிணி, இனி சின்ன ஆர்டராப் புடிங்க, நானும் சின்னப் பாவாப் போடறனுங்க”ன்னு அவர் பங்குக்கு ஒரு வழி சொன்னார். அப்படித்தான் ஓடுது இப்போ. இருபது, முப்பதுன்னு சின்னச் சின்ன ஆர்டர். லாபம்னு கையில நிக்கிறது, திருப்பூர்ல ஒரு ஆபீஸ்ல உட்கார்ந்து கணக்கு எழுதினா கிடைக்கிற சம்பளத்தைவிடக் கம்மி. தொழில் ஆரம்பிக்கிற ஐடியாவுல இருக்கிறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிச்சுக்கங்க.

டேக்ல இப்ப என்ன போடுறேன் தெரியுமா? எந்தப் பூ, எந்த மாசம் போட்ட சாயம், பூந்திக்கொட்டைத் தண்ணியில துவைங்க, நிழல்ல காயப்போடுங்க. கடைசி வரியில: ‘கலர் மங்கும். மங்கினா அனுப்புங்க, எண்பது ரூபாய்க்குத் திரும்ப முக்கித் தர்றோம்.’ கடைசி வரியைப் படிச்சுட்டு வாங்காமப் போறவங்களும் இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்.

போன மாசம் அப்படித் திரும்பி வந்தது பதினோரு கவர். அதுல ஒண்ணு செண்டுமல்லி மஞ்சள், கோயம்புத்தூர்ல ஒரு ஹாஸ்டல் பொண்ணோடது. நடுவுல பெருசா டீக் கறை. ‘கறை போகுமா அக்கா?’ன்னு ஒரு சீட்டு வேற. போகாது. டீயிலயும் கடுக்காய்ல இருக்கிற அதே துவர்ப்புதான். அதனால கறையோடவே இரும்புத் தண்ணியில ஒரு முக்கு முக்கினேன். துணி முழுக்க ‘ஆடி’ சாம்பல், டீ சிந்தின இடம் மட்டும் கரு மேகமாத் திரண்டு நின்னுச்சு. போட்டோ அனுப்பினேன். இதே மாதிரி இன்னும் மூணு வேணும், ரூம்மேட்ஸ் கேக்குறாங்கன்னு பதில் வந்திருக்கு. டீ மட்டும் அவங்களே ஊத்தி அனுப்புறாங்களாம்!