வங்கத்துத் தழலும் நம் வீட்டுக் கொத்சும்

நம்மவர் இன்னும் கல்கத்தா என்றே கூறும் இந்நகரில் கத்திரிக்காயின் பெருமையை அறிய விழைவோர், மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் ஸியால்தா நிலையத்துக்கு ஒருமுறை வந்து பார்த்தல் வேண்டும். 1862-ஆம் ஆண்டில் குஷ்டியா வரை வண்டி விட்ட கிழக்கு வங்க ரயில்வேயின் முனை நிலையம் இது. குஷ்டியா இன்று வங்காள தேசத்தில் உள்ளது. ஆயினும் நதியா, இருபத்துநான்கு பர்கானாப் பகுதிகளின் காய்கறி இன்னும் இருப்புப்பாதை வழியே நகருக்குள் வந்துகொண்டுதான் இருக்கிறது. புறநகர் வண்டிகளில் வியாபாரிகளுக்கென்றே தனிப்பெட்டி உண்டு. அதிலிருந்து இறங்கும் கூடைகள் பல அருகிலுள்ள கோலே மார்க்கெட்டுக்குச் செல்லும். அங்கே குவிந்து கிடக்கும் காயைக் கண்டு தஞ்சை மாவட்டத்தார் சற்றே திகைப்பர். நம் ஊர்ப் பிஞ்சு அன்று. சிறு இளநீரை ஒத்த பருமன்!

இத்துணைப் பெரிய காயை வங்கத்தார் தழலில் சுடுகின்றனர். அப்பண்டத்தின் பெயர் ‘பேகுன் போடா’. பின்சொல் நம் செவிக்கு வசைபோல் விழும். சுட்டது என்பதே அதன் பொருள், கோபம் வேண்டா. தோலை உரித்து மசித்து, பச்சை மிளகாய், வெங்காயம், கொத்துமல்லி, உப்புச் சேர்த்து, காய்ச்சாத கடுகெண்ணெய் சிறிது விட்டுப் பிசைவர். ரொட்டிக்கும் சோற்றுக்கும் இது ஒன்றே போதும்.

அந்த எண்ணெயின் நெடிதான் நம்மவரை விரட்டுவது. லேக் மார்க்கெட் பக்கம் பல்லாண்டு வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் அதனைத் தொடாதோர் உளர். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. நல்லெண்ணெய் எங்கும் கிடைக்கிறது.

என் தகப்பனார் காலமான பின், தாயார் கும்பகோணத்தை விட்டு எங்களோடு வந்து சேர்ந்தார். மூன்று மாதம் மோர்ச்சோறு தவிர வேறொன்றும் இறங்கவில்லை. உடல் மெலிந்தது, வைத்தியரோ நோய் ஒன்றுமில்லை என்றார். ஒருநாள் மாலை, பக்கத்து வீட்டு வங்காளி அம்மையார் கத்திரிக்காய் சுடும் மணம் எங்கள் சாளரத்தின் வழியே வந்தது. அம்மா எழுந்து சென்று அவர்கள் சமையலறை வாசலில் நின்றுவிட்டார். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அவ்வம்மையார், “மாஸிமா, ஆஸுன்” என்று உள்ளே அழைத்து, எண்ணெய் சேர்க்காத காயில் பாதியைக் கிண்ணத்தில் இட்டுக் கொடுத்தார். அம்மா அதனைக் கொணர்ந்து, புளி கரைத்து, மிளகாயும் தனியாவும் வறுத்துப் பொடித்துக் கொத்சு செய்தார். அன்றிரவு மறுபடியும் சோறு கேட்டு உண்டார். கொத்சில் ஒரு பங்கு அடுத்த வீட்டுக்குச் சென்றதைச் சொல்லவும் வேண்டுமோ?

முறை எளிது. காய் பெரிதாயினும் கையில் கனம் குறைவாக இருத்தல் நலம். கனத்த காயில் விதை மிகுதி. கழுவித் துடைத்து, ஒருபுறம் கீறிப் புழு இல்லையென்று பார்த்துக்கொள்க. கீறாது நெருப்பில் வைத்தால் வெடிக்கவும் கூடும். கீறலில் பூண்டுப் பல் இரண்டைச் செருகுவது இவ்வூர் வழக்கம். மேலே எண்ணெய் தடவி, கேஸ் அடுப்பின் நடுத்தரத் தழலில் நேரே வைத்து, காம்பைப் பிடித்துத் திருப்பிக்கொண்டேயிருந்தால், ஏறக்குறைய கால் மணி நேரத்தில் தோல் கருகி உள்ளே குழைந்துவிடும். மூடிவைத்து, ஆறியபின் உரிக்கவும். நீரில் கழுவி உரிப்போரும் உளர். புகைமணம் அத்தனையும் நீரோடு போய்விடும், அது கூடாது.

முன்னாளில் இந்நகரில் வீடுதோறும் ‘உனுன்’ என்னும் கரியடுப்புப் புகைந்தது. அதன் சுவைக்கு ஈடில்லை என்பர் முதியோர். அப்புகையில் இருமிய பெண்களைக் கேட்டால் வேறு விடை வரும்.

இரவுப் பணி முடித்து வருவோர், காய் சுட்ட தழலிலேயே தக்காளி இரண்டையும் வாட்டித் துவையலாக்கிக் கொள்ளலாம். இங்கு ‘ராங்கா ஆலு’ என விற்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கை மட்டும் தழலில் நேரே வைக்க வேண்டா. மேல் கருகும், உள் வேகாது. கனத்த இருப்புச்சட்டியில் மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் புரட்டி எடுத்தால், பள்ளியிலிருந்து பசியோடு வரும் பிள்ளைகளுக்கு வேறு பலகாரம் தேட வேண்டியதில்லை.