புத்தி மங்காத முதுமை

முதுமையில் பல் உதிர்வதையும், பார்வை மங்குவதையும், முழங்கால் மடங்க மறுப்பதையும் ஒருவாறு சகித்துக்கொள்ளும் நாம், புத்தி தடுமாறும் காலம் ஒன்று வரக்கூடும் என்று எண்ணும்போது மட்டும் உள்ளூர நடுங்குகிறோம். திருவனந்தபுரத்து வலியசாலையில் பிராயம் முதிர்ந்தவர் யாரிடம் பேசினாலும், 'ஒருத்தருக்கும் பாரமா இருக்காம, நல்ல ஸ்மரணையோட போய்ச் சேரணும்' என்ற வார்த்தையில்தான் பேச்சு வந்து முடியும். அந்தப் பிரார்த்தனையில் ஒரு பாதியை ஆண்டவனிடமே விட்டுவிடலாம். மற்றொரு பாதி நம்முடைய பிரயத்தனத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சாலைக் கடைத்தெருவின் இரைச்சல் எட்டாத தூரத்தில், காந்தளூர் மகாதேவர் கோயிலைச் சார்ந்து வரிசை வரிசையாக வீடுகள் அமைந்த இந்த அக்கிரகாரத்துக்கு, ஞாபகசக்தியைப் போற்றும் பரம்பரை மிகப் பழையது. முதலாம் ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற காந்தளூர்ச் சாலை இந்த வலியசாலையிலேயே இருந்தது என்பது பலருடைய அபிப்பிராயம். விழிஞ்ஞத்துக்கு அருகே இருந்தது என்று கருதுவோரும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் சட்டர்கள் என்னும் மாணாக்கர் 95 பேர் தங்கிப் பயிலக் கல்விச் சாலை ஒன்றை ஏற்படுத்தியபோது, காந்தளூரின் மரியாதையையே அதற்கு ஒழுங்காக விதித்தான் என்று செப்பேடு கூறுகிறது. நடை தூரத்திலுள்ள ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலிலோ, மார்த்தாண்டவர்மாவின் காலந்தொட்டு, ஆறு ஆண்டுகளுக்கு ஒருமுறை 56 நாட்கள் முறைஜபம் என்னும் வேத பாராயணம் நடந்துவருகிறது. கேட்டதை நெஞ்சில் நிறுத்துவதே கல்வி என்று நம்பிய மண்ணில் பிறந்தவர்கள் நாம்.

ஆனால், இந்தப் பரம்பரையே சில வேளைகளில் நம் கண்ணை மறைத்துவிடுகிறது. பால்யத்தில் குருவின் எதிரே உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிப் பாடமான ஸ்தோத்திரம் மூளையின் ஆழத்தில் வேரோடிவிடுவதால், மறதி நோய் பாதி தூரம் வந்த பிறகும் அது நாவில் தங்கியிருக்கும். காலையில் வந்து பேசிவிட்டுப் போன மகனின் வருகை மட்டும் மாலைக்குள் மறைந்துபோயிருக்கும். 'சகஸ்ரநாமத்தைத் தங்குதடையில்லாமச் சொல்றாரே, அவருக்கு என்ன குறை?' என்று வீட்டார் தேறுதல் கொள்வார்கள். பழையது நிற்பதும் புதியது பதியாமல் போவதுமே இந்த வியாதியின் முதல் அடையாளம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மூப்பின் சாதாரண மறதிக்கும் வியாதியின் மறதிக்கும் உள்ள பேதத்தை, எங்கள் உறவில் ஒரு மாமியின் சமையலறையில் நான் நேரில் கண்டேன். எரிசேரிக்கு உப்புப் போட்டோமா இல்லையா என்று ஐயுற்று, ஒரு துளி வாயில் விட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் நேர்வது. அந்த மாமியோ, ஐம்பது வருஷம் கல்யாண வீடுகளில் பத்துப் பேருக்கு வழி சொல்லிக்கொடுத்த கை ஓய்ந்து, துருவிய தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, இதைச் சீரகத்தோடு அரைப்பதா, எண்ணெயில் சிவக்க வறுத்துக் கடைசியில் கொட்டுவதா என்று புரியாமல் அடுப்பின் முன் வெகுநேரம் நின்றார். இரண்டும் செய்யவேண்டும் என்பதே அவருக்கு நினைவில்லை. 'வயசானா அப்படித்தான்' என்று சொல்லிவிட்டோமானால், அந்த ஒரு சொல்லால் வைத்தியரின் வாசலையே அடைத்துவிடுகிறோம்.

1906-ஆம் ஆண்டு ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் கூடிய வைத்தியர் சபையில், ஐம்பத்தோரு வயதில் மருத்துவமனைக்கு வந்து, நாலைந்து ஆண்டுகளில் இறந்த ஒரு பெண்மணியின் மூளையைப் பற்றி அலோய்ஸ் அல்ஸைமர் எடுத்துரைத்தார். நரம்பணுக்களின் வெளியே படிந்த படிவுகளையும், உள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் சூக்ஷ்மதரிசினியில் கண்டு சொன்ன அந்த நாள்முதல், இது முதுமையின் இயல்பன்று, சரீரத்தில் நேரும் ஒரு வியாதி என்பது உலகுக்குத் தெரியலாயிற்று. அல்ஸைமர் தவிர, மூளையின் ரத்தக் குழாய்கள் பழுதாவதாலும் புத்தி க்ஷீணிக்கிறது. பலரிடம் இரண்டும் கலந்தே இருக்கும். இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு இத்தகைய அறிவு மங்கல் இருப்பதாக 2023-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

இவ்விஷயத்தில் திருவனந்தபுரம் பெருமைப்படத்தக்க ஊர். ஞாபகசக்தியையும் மொழியையும் விவேகத்தையும் சோதிக்கக் கேம்பிரிட்ஜில் வகுத்து, 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒரு பரீட்சையின் முதல் ஆசிரியராக இருந்த டாக்டர் பி. எஸ். மதுரநாத், இங்குள்ள ஸ்ரீசித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் பணியாற்றிய காலத்தில், சகாக்களோடு சேர்ந்து அதனை மலையாளத்துக்கேற்ப மாற்றியமைத்தார். ஆங்கிலேயரின் வாழ்க்கையைக் கொண்டு தொடுக்கப்பட்ட கேள்வியை நம் பாட்டியிடம் கேட்டு, அவர் விழித்ததும் புத்தி போயிற்று என்று தீர்ப்புச் சொல்வது எவ்வளவு அநியாயம்! 1992-இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் தொடங்கிய அல்ஸைமர் சங்கம் இந்நோயாளரின் குடும்பங்களுக்குத் துணை நின்றது. 2005-இல் பிளெஸ்ஸியின் இயக்கத்தில் மோகன்லால் நடித்த 'தன்மாத்ர', தலைமைச் செயலக உத்தியோகஸ்தர் ஒருவரின் அறிவு படிப்படியாக அவிந்துபோவதைக் காட்டி, அதுவரை கூச்சத்தால் மறைத்துவந்த ஒரு துக்கத்தைக் கேரளம் முழுவதும் வாய்விட்டுப் பேசும்படி செய்தது.

வருமுன் காக்க வழி உண்டா என்று கேட்டால், நம் தெருவுக்கே உரிய ஓர் ஆறுதலிலிருந்து தொடங்கலாம். ஹைதராபாத் நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சுவர்ணா அல்லாடியும் கூட்டாளிகளும் அறிவு மங்கல் கண்ட 648 பேரின் சரித்திரத்தை ஆராய்ந்து, ஒரே மொழி பேசியவர்களைவிட இரண்டோ அதற்கு மேலோ மொழி பேசியவர்களுக்கு நோய் சராசரி நாலரை ஆண்டுகள் தாமதமாகத் தலைகாட்டியதாக 2013-இல் வெளியிட்டார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் காணப்பட்டது என்பதே அதன் விசேஷம். பிற தேசங்களில் பின்னர் நடந்த எல்லா ஆய்வுகளும் இதே முடிவுக்கு வரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் இரண்டு மொழிகளில் எது இப்போது வேண்டும், எதை அடக்கவேண்டும் என்று கணந்தோறும் தேர்ந்துகொண்டே இருப்பது மூளைக்கு ஒரு நித்திய அப்பியாசம் என்பது யோசிக்கத்தக்கது.

வலியசாலை மனிதருக்கு இது தனியாகக் கற்கவேண்டிய வித்தை அன்று. சாலைக் கடைத்தெருவில் மளிகைக் கடையில் கணக்கெழுதி வாழ்ந்த என் பெரியப்பா, வந்தவரிடம் மலையாளத்தில் விலை பேசி, மனத்துக்குள் தமிழ் வாய்பாட்டில் பெருக்கி, பேரேட்டில் ஆங்கில எண்ணில் எழுதி, பக்கத்தில் நிற்கும் பையனைத் தமிழிலேயே அதட்டுவார். நாலும் ஒரே மூச்சில் நடக்கும். தொண்ணூறு வயதிலும் மத்தியானத்தில் மலையாளப் பத்திரிகையையும் இரவில் தமிழ் வாரப் பத்திரிகையையும் வாசித்து, படித்ததைத் திண்ணையில் வந்து விவாதித்த அவரைப்போல் நாமும் இரு மொழியையும் விடாமல் பேசுவோமாக. பேரக்குழந்தைகளுக்கும் இரண்டையும் கொடுப்போமாக.

இதோடு திருப்தி அடைந்துவிடலாகாது. 'லான்செட்' மருத்துவ இதழ் கூட்டிய நிபுணர் குழு, தவிர்க்கவோ தணிக்கவோ இயலும் பதினான்கு காரணங்களை 2024-இல் எடுத்துரைத்து, அவை யாவும் நீங்குமானால் உலகில் அறிவு மங்கலில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று கணித்தது. இளமையில் கல்வியின்மை, நடுவயதில் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, நீரிழிவு, உடற்பருமன், புகை, மிதமிஞ்சிய மது, தலைக்காயம், மனச்சோர்வு, உழைப்பின்மை, செவிக்குறை, பிற்காலத்தில் பார்வைக்குறை, தனிமை, அசுத்தக் காற்று என்று விரியும் அந்தப் பட்டியலைப் பார்க்கும்போது, நம் ஆசாரமான வாழ்க்கையின் மறுபக்கமும் தெரிகிறது. உப்பிலிட்ட கடுமாங்காயும், பொரித்த அப்பளமும், பாயசமும், சாப்பாடு முடிந்ததும் போடும் தூக்கமும் பல வீடுகளில் அன்றாட வழக்கம். ரத்த அழுத்தம் நாற்பதிலேயே தோன்றினாலும், தலை சுற்றினால் பார்த்துக்கொள்ளலாம் என்று மாத்திரையைத் தள்ளிப்போடுகிறவர்கள் நம்மில் அநேகர். மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களைப் பாழாக்கும் வேலை வலியின்றி, அரவமின்றி அந்த நாற்பதிலேயே தொடங்கிவிடுகிறது. பெண்களுக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒரு தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது என்பதையும் வருத்தத்தோடு நினைக்கிறேன்.

செவியைப்பற்றிச் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும்; அதையே நாம் மிகவும் அலக்ஷியம் செய்கிறோம். சாயங்காலம் பெண்கள் கூடி விஷ்ணு சகஸ்ரநாமம் சொல்லும் ஒரு வீட்டில், ஒரு மாமியின் குரல் மட்டும் மற்றவர்களுக்கு ஒரு நாமம் பின்தங்கி வரலாயிற்று. அக்கம்பக்கத்தினர் திரும்பிப் பார்ப்பதைக் கண்டு கூசி, முதலில் உதட்டை மட்டும் அசைத்தார்; பிறகு வருவதையே நிறுத்தினார்; வீட்டிலும் பேச்சு குறைந்தது. 'மாமிக்கு மறதி வந்துடுத்து' என்று ஊர் சொல்லியது. அவருக்குக் குறைந்திருந்ததோ காது. பேரன் வற்புறுத்திக் காது மிஷின் வாங்கிப் பொருத்திய பின், குரல் மறுபடியும் மற்றவர்களோடு ஒன்றியது. விட்டுப்போன உறவுகளும் மெல்ல மெல்லத் திரும்பின. கேளாத காது மனிதனைச் சம்பாஷணையிலிருந்து விலக்குகிறது. சம்பாஷணை இல்லாத மூளை சோம்புகிறது. 2023-இல் அமெரிக்காவில் முடிந்த ஒரு பரிசோதனையில், அறிவு மங்கும் அபாயம் அதிகமாக உள்ள முதியோர்க்குக் காதுக் கருவி தந்து பயிற்றியபோது, மூன்று ஆண்டுகளில் அவர்களது அறிவுத் தேய்வு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூசாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் கூசவேண்டும்?

ஒரே மருந்தைத் தேடுவோர்க்குப் பின்லாந்து தேசத்தின் அனுபவம் நல்ல பாடம். அறுபது முதல் எழுபத்தேழு வயதுக்குட்பட்ட 1260 பேரைத் தேர்ந்து, ஒரு பாதியினருக்குச் சத்துள்ள ஆகாரம், தேகப்பயிற்சி, மூளைக்கு வேலை, ரத்த அழுத்தம் முதலியவற்றில் கண்காணிப்பு ஆகிய நான்கையும் இரண்டு வருஷம் சேர்த்தே அளித்தார்கள். அவர்களது புத்தித்திறன் மற்றப் பாதியினரைவிட மேம்பட்டதாக டாக்டர் மீயா கிவிபெல்டோவும் சகாக்களும் 2015-இல் தெரிவித்தார்கள். திரி, எண்ணெய், காற்றுக்கு மறைப்பு ஆகிய மூன்றும் கூடியிருந்தால்தான் விளக்கு நின்று எரியும்; அதுபோலவே இங்கும் ஒன்றைமட்டும் பிடித்துக்கொண்டு குறுக்கெழுத்துப் புதிரே கதி என்றிருப்பதில் பயன் சொற்பம். காலையில் கோயிலுக்குப் பிரதக்ஷிணமாக வேகமாய் நடப்பதும், உப்பையும் சர்க்கரையையும் குறைப்பதும், அழுத்தத்தை மாதந்தோறும் அளப்பதும், புதிய கீர்த்தனை ஒன்றைப் பாடம் செய்வதும், தெரிந்த முகங்களோடு பேசிச் சிரிப்பதும் ஒன்றோடொன்று சேரவேண்டும்.

இவற்றில் கடைசியாகச் சொன்ன சகவாசமே இன்று அருகிவருகிறது. 2011 ஜனத்தொகைக் கணக்கின்படி கேரளத்தில் அறுபது கடந்தவர் 12.6 சதவீதம், இந்தியாவின் மாநிலங்களிலேயே இதுவே மிக அதிகம். பிள்ளைகள் பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் இருவரோ ஒருவரோ கதவைத் தாழிட்டுத் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருக்கும் காட்சி இந்தத் தெருவிலும் சாதாரணமாகிவிட்டது. காலையில் ஒரு குரல், மாலையில் ஒரு விசாரிப்பு, வாரத்தில் ஒருநாள் சேர்ந்து சாப்பாடு என்று அண்டை வீட்டார் செய்யக்கூடிய உபகாரத்துக்குப் பணம் வேண்டியதில்லை; மனம் இருந்தால் போதும்.

இவ்வளவும் செய்த பின்னும் சிலருக்கு நோய் வரும். பரம்பரைக் கூறும் வயதும் நம் வசத்தில் இல்லை. அதனால், நோயுற்றவரைப் பார்த்து 'ஒழுங்கா இருந்திருக்கலாமே' என்று சொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. அவர்களுக்கு வேண்டியது அவமதிப்பில்லாத அன்பும், தக்க காலத்தில் வைத்தியமும், கவனித்துக்கொள்பவருக்குச் சற்று ஓய்வும்தான். மற்றவர்களோ, அறுபது ஆகட்டும் என்று காத்திராமல், நாற்பதிலேயே இந்த ஏற்பாட்டைத் தொடங்கவேண்டும். தங்கள் வீட்டுப் பெரியவரை இந்த வாரத்திலேயே ரத்த அழுத்தத்துக்கும் செவிக்கும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். நம் புத்தியை நாம் மட்டும் தனியே காத்துவிட முடியாது. அதை ஒருவருக்கொருவர்தான் காத்துக்கொள்கிறோம் என்பதே, இந்தத் தெருவில் வாழ்ந்து நான் கண்ட உண்மை.