மழையில் வீடு பார்க்கப் போனோம்

வீடு பார்க்கப் புறப்படுகிறவர்கள் நல்ல நாள் பார்ப்பார்கள். ராகு காலம், எமகண்டம் பார்ப்பார்கள். வாசல் எந்தத் திசை என்று பார்ப்பார்கள். வானத்தை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. "மழை விடட்டும், அப்புறம் போகலாம்" என்பதுதான் நம்மில் பெரும்பாலோர் வழக்கம். என் மாமியார் இதில் நேர் எதிர்க் கட்சி. "கொட்டுகிற மழையில் போய்ப் பார். அப்போதும் பிடித்திருந்தால் குடியேறு" என்பது அவர் சித்தாந்தம். இது பழமொழி ஒன்றும் இல்லை. அவருடைய சொந்தச் சரக்கு.

எங்கள் ஜாகை மாம்பலத்தில். என் கணவருக்கு வேலையோ கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி ஏறக்குறைய 48 கிலோமீட்டர். மின்சார ரெயிலில் ஒன்றரை மணி நேரம் ஆகும். மாம்பலத்திலிருந்து சென்ட்ரலுக்கு வந்து சேருகிற நேரம் தனிக் கணக்கு. அதிகாலையில் அவர் கிளம்பும்போது குழந்தைகள் தூங்கிக்கொண்டிருக்கும். இரவு திரும்பும்போதும் தூங்கிக்கொண்டிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் சின்னவள் அவரைப் பார்த்து, "அப்பா, இன்னிக்கு நம்ம வீட்டுக்கு வந்திருக்கீங்களா?" என்று விருந்தாளியை விசாரிப்பதுபோல் விசாரித்தாள். அவர் சிரித்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். ஜாகையை மாற்றுவது என்று அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

கோடையில் ஒரு தரகர் மனை காட்டினார். நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் புதிய மனைப்பிரிவு. சமதளமான நிலம், சிலுசிலுவென்று காற்று, தூரத்தில் சவுக்குத் தோப்பு. சேமிப்பையும் என் நகைகளையும் சேர்த்தால் கைக்கு எட்டும் விலை. அவருக்கும் எனக்கும் முக்கால்வாசி மனம் ஒப்பிவிட்டது. மாமியார்தான், "ஐப்பசி வரட்டும்" என்றார்.

"ஐப்பசிக்குள்ளே விலை ஏறிடும் அம்மா!" என்றார் தரகர்.

"விலை ஏறினால் ஏறட்டும் அப்பா. தண்ணீர் ஏறுகிறதா என்று நான் பார்க்க வேண்டும்" என்றார் மாமியார்.

அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில் இருக்கின்றன மீஞ்சூரும் பொன்னேரியும் கும்மிடிப்பூண்டியும். கிழக்கே வங்கக் கடல், வடக்கே ஆந்திரம். ஐப்பசி, கார்த்திகையில் வருகிற வடகிழக்குப் பருவமழைதான் இந்தப் பக்கத்துக்குப் பெருமழை. இங்கே பெய்வது போதாதென்று, மேற்கே பெய்கிற மழையும் இந்தத் தட்டையான நிலத்தின் வழியாகத்தான் கடலைத் தேடிப் போக வேண்டும். ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணையைத் தாண்டி வருகிற ஆரணியாறு, ஊத்துக்கோட்டை வழியாகப் பொன்னேரிப் பக்கம் வந்து பழவேற்காடு ஏரியில் விழுகிறது. பூண்டி நீர்த்தேக்கத்தில் நிரம்பி வழிகிற கொசஸ்தலையாறு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. ஆகையால் நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதே வாசலுக்கு வெள்ளம் வந்துவிடலாம். பிச்சாட்டூரில் அணையைத் திறந்தால் போதும். புயல் சமயத்தில் இன்னொரு சங்கடம். கடல் பொங்கி நிற்கும்போது ஆற்று நீரை உள்ளே வாங்காது. வந்த தண்ணீர் வழியில்லாமல் ஊருக்குள் நிற்கும். 2015, 2021 வெள்ளங்களையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் இந்தப் பக்கத்து ஜனங்கள் இன்னும் மறக்கவில்லை.

ஐப்பசி வந்தது. அடைமழையும் பிடித்துக்கொண்டது. தரகருக்குத் தொலைபேசியில் சொன்னோம். "மழை விட்டதும் வாங்க சார், காரிலேயே கூட்டிப் போகிறேன்" என்றார். நாங்கள் காத்திருக்கவில்லை. பொன்னேரியில் என் கணவரோடு வேலை பார்ப்பவர் ஒருவர் வீட்டில் ஓர் இரவு தங்குவதாக ஏற்பாடு. குழந்தைகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, மூன்று பேரும் மூன்று குடையுமாக ரெயில் ஏறினோம். எண்ணூரைத் தாண்டியதும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். எது உப்பங்கழி, எது வயல், எது ஏரி என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

முதலில் கோடையில் பார்த்த மனைக்குப் போனோம். சிமெண்டுச் சாலையின் முடிவில் நின்று பார்த்தால், அந்தப் பக்கம் ஒரே நீர்ப்பரப்பு. மனைகளின் எல்லைக் கற்கள் மட்டும் வரிசையாகத் தலை நீட்டிக்கொண்டிருந்தன. கற்களை எண்ணிக்கொண்டே போனார் என் கணவர். எங்களுக்கென்று பேசிவைத்த மனையின் கல் மேல் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது.

"அது நமக்கு முன்னாலேயே பத்திரம் பதிந்துவிட்டது" என்றார் அவர்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பாட்டியிடம் மாமியார் பேச்சுக் கொடுத்தார். "இது எப்பவும் தண்ணி வர்ற வழிதாம்மா. ஏரி ரொம்பினா இப்படித்தான் இறங்கும். கல்லு நட்டுட்டா தண்ணிக்குத் தெரியுமா?" என்றாள் அவள். எந்தப் பத்திரத்திலும் இல்லாத விவரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

அங்கிருந்து கும்மிடிப்பூண்டி. தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாடகை வீடுகள் இருக்கின்றன. என் கணவருக்கு முகமெல்லாம் சிரிப்பு; சைக்கிளில் பத்து நிமிஷத்தில் வேலைக்குப் போய்விடலாம்! மழையானாலும் இரும்பு உருக்குகிற உலைகள் ஓய்வதில்லை; லாரிகளும் ஓய்வதில்லை. டீக்கடையில் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் நனைந்தபடி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பார்த்த வீடு நல்ல வீடுதான். ஆனால் மாடிக் கைப்பிடிச் சுவரை விரலால் தடவினேன். அத்தனை மழைக்குப் பிறகும் விரலில் கறுப்பு ஒட்டியது. மாமியாருக்கு இழுப்பு உண்டு. வீட்டுக்காரரிடம் "சொல்லி அனுப்புகிறோம்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

இதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருக்கிறது. போரின்போது கடல் தாண்டி வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பல வருஷங்களாக அங்கே வாழ்கிறார்கள். அந்தப் பக்கம் பார்த்தபடி மாமியார் சொன்னார்: "நாம் வசதிக்காக வீடு மாறுகிறோம். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள வீட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள். ரொம்பக் குறை சொல்லாமல் வா." அதன் பிறகு கொஞ்ச நேரம் நான் வாய் திறக்கவில்லை.

அன்று இரவு பொன்னேரியில். மின்சாரம் நின்றுவிட்டது. தவளைகள் விடிய விடியக் கச்சேரி நடத்தின. மெழுகுவத்தி வெளிச்சத்தில் பக்கத்து வீட்டு அம்மாள் தன் கூடத்துச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் மங்கலாக ஒரு கோடு. "இங்கே வரைக்கும் தண்ணி வந்துச்சும்மா, 2015-லே. அதுக்கப்புறம் நாலு தடவை வெள்ளை அடிச்சாச்சு, கோடு போக மாட்டேங்குது" என்றார். "கோயில் தெருப் பக்கம் மேடு, அங்கே ஏறல்லே" என்றும் சொன்னார். எந்தத் தெருவில் எத்தனை அங்குலம் என்பது அவருக்கு மனப்பாடம். இன்ஜினீயரிடம் பணம் கொடுத்துக் கேட்டால்கூட இவ்வளவு துல்லியமாகக் கிடைக்காது.

அடுத்த விஷயம் குடிதண்ணீர். சுற்றிலும் இவ்வளவு தண்ணீர் நிற்கிறதே, குடிக்கக் குறைவா என்று தோன்றும். ஆனால் சென்னை நகரத்தின் தாகத்துக்காக மீஞ்சூர்ப் பக்கம் குழாய்க் கிணறுகள் போட்டு நிலத்தடி நீரை ஏராளமாக எடுத்தார்கள். நல்ல நீர் குறையக் குறையக் கடல் நீர் பூமிக்கு அடியில் உள்ளே நுழைந்தது. 1969-லேயே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பிறகு 2010-ல் அதே பக்கத்துக் காட்டுப்பள்ளியில், கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நீர் தரக்கூடியது. நல்ல தண்ணீர் இருந்த இடத்திலேயே கடல் நீரைச் சுத்தம் செய்து குடிக்கிற காலம்!

ஆகவே நான் ஒரு பரீட்சை வைத்தேன். நாங்கள் பார்த்த வீடுகளில் கிழக்கே கடல் பக்கமாக இருந்த ஒன்றிலிருந்து ஒரு பாட்டில், கோயில் தெரு வீட்டுக் கிணற்றிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டேன். மாம்பலம் திரும்பியதும் இரண்டிலும் துவரம் பருப்பு வேகவைத்தேன். கோயில் தெருப் பருப்பு மசிந்து வந்தது. கிழக்குப் பருப்பை ஏழு விசிலுக்குப் பிறகும் எண்ணிப் பார்க்க முடிந்தது. சோதனைச் சாலை அறிக்கை அவசியந்தான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு பிடி பருப்பு போதும்.

மறுநாள் காலை மழை சற்று ஓய்ந்தது. பழவேற்காட்டுக்கும் போய்விட்டு வந்தோம். அங்கே குடியேறுகிற எண்ணம் இல்லை. அவ்வளவு தூரம் வந்துவிட்டுப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. அந்தப் பக்கம் ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. ராக்கெட் கிளம்பினால் இங்கிருந்தே பார்க்கலாம். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே ஜெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டித் துணி வியாபாரம் செய்தார்கள். அதே நூற்றாண்டின் இறுதியில் அவர்களும் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். ஜாகை மாற்றுகிற யோசனை நமக்கு மட்டும் வந்ததல்ல!

கரையில் மீன் விற்ற ஒரு பெண்ணிடம், "இந்த மழையில் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாயிற்றே" என்றேன். அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "மழை இல்லேன்னாத்தாம்மா கஷ்டம். முகத்துவாரம் மணல் மூடிக்கும். வெள்ளம் வந்து அடிச்சுத் திறந்தாத்தான் கடல் தண்ணி உள்ளே வரும், இறால் வரும்" என்றாள். நான் இரண்டு நாளாக விரோதியாகப் பார்த்துக்கொண்டிருந்த தண்ணீரை, அவள் வருமானமாகப் பார்க்கிறாள். அந்த ஊரில் வாழ வேண்டுமானால் இரண்டும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் வழியில் சிறுவாபுரி முருகனைத் தரிசித்தோம். அருணகிரிநாதர் திருப்புகழ் பாடிய தலம். ஆறு செவ்வாய்க்கிழமை வந்து வேண்டிக்கொண்டால் சொந்த வீடு அமையும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கொட்டுகிற மழையிலும் வரிசை நின்றது. மாமியார் கண்ணை மூடி வெகுநேரம் வேண்டிக்கொண்டார். வெளியே வந்ததும், "வீட்டை அவன் கொடுப்பான். வெள்ளம் வருமா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார்.

முடிவு என்ன என்று கேட்கிறீர்களா? மனை வாங்கவில்லை. தை மாதம் பொன்னேரியில், கோயில் தெருவில், வாடகைக்கு வந்துவிட்டோம். பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் காய்கறிக் கடையும் கூப்பிடு தூரத்தில். கும்மிடிப்பூண்டி ரெயிலில் இரண்டாவது நிறுத்தம். ஒரு முழு மழைக்காலம் இங்கே இருந்து பார்த்த பிறகுதான் சொந்த மனையைப் பற்றிப் பேச்சு. என் நகைகள் அதுவரை பெட்டியிலேயே இருக்கும். இப்போதெல்லாம் மாலை ஆறரை மணிக்கு அவர் வீட்டில் இருக்கிறார். சின்னவளுக்குத் தினமும் வாய்ப்பாடு ஒப்பிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கு அதுதான் புதிய கஷ்டம்.

நீங்களும் நகரத்தை விட்டு இப்படி ஒரு கடலோரத்துக்குப் போக நினைத்தால், பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் பாருங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். புலப்படத்தை வாங்கி, பக்கத்தில் ஏரியோ ஓடையோ வாய்க்காலோ குறித்திருக்கிறதா என்று விரல் வைத்துத் தேடுங்கள். ஊரின் பெயரையும் கேட்டுக்கொள்ளுங்கள். தாங்கல் என்றால் சிறிய ஏரி. மேடு என்றால் மேடு. நம் முன்னோர்கள் காரணமில்லாமல் பெயர் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக் கூடத்துச் சுவரையும் ஒரு பார்வை பாருங்கள். கையில் ஒரு காலிப் பாட்டில் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மழை கொட்டுகிற நாளாகப் பார்த்துப் போங்கள். அன்றைக்குத் தரகர் கூட வரமாட்டார். அதுவும் ஒரு லாபம்தான்.