சர் பட்டமும் சார் பட்டமும்

எங்கள் காலனி கேரம் கிளப்பில் பன்னிரண்டு வருஷமாக நான்தான் சாம்பியன். பெருமையடிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இது பெருமைப்படுகிற கதை இல்லை.

மகள் இங்கிலாந்தில், சவுத்தாம்ப்டனில் இருக்கிறாள். ஆகஸ்ட் மாதம் நானும் என் மனைவியும் போயிருந்தோம். நாலாம் நாளே எனக்கு விரல் நமநமவென்றது. கேரம் போர்டுக்கு எங்கே போவது?

"துறைமுகம் பக்கத்துல ஒரு பழைய கிளப் இருக்குப்பா. புல்தரையில பந்து உருட்டுவாங்க. போய்ப் பார்க்கலாமா?" என்றாள் மகள்.

"எவ்வளவு பழசும்மா?"

"1299-லேயே ஆடியிருக்காங்களாம்."

தூக்கிவாரிப் போட்டது. மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலம்!

கிளப்பின் பெயரே 'ஓல்டு பவுலிங் கிரீன்'. பாய் விரித்த மாதிரி புல்தரை. 'ஜாக்' என்று ஒரு சின்ன வெள்ளைப் பந்து. அதற்கு யார் பந்து மிக அருகில் போய் நிற்கிறதோ அவருக்கு பாயின்ட். ப்பூ, நம் கோலி ஆட்டம்தானே என்று நினைத்தேன். இல்லை சார்! பந்து முழு உருண்டை கிடையாது. ஒரு பக்கம் கொஞ்சம் வாகு மாற்றிச் செய்திருக்கிறார்கள். நேராக உருட்டினாலும் வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டு போகும். ஜாக்கைக் குறிவைத்தால் ஜாக்குக்குப் போகாது. வேறு எங்கேயோ பார்த்து உருட்டினால்தான் போகும். சம்சாரத்திடம் புடவைக் கடை சமாசாரம் பேசுகிற மாதிரி!

இந்த ஆட்டத்துக்குத் தடையெல்லாம் இருந்திருக்கிறது. ஏழை பாழைகள் வேலையை விட்டுவிட்டு, வில் பயிற்சியை விட்டுவிட்டு உருட்டப் போய்விடுகிறார்கள் என்று 1541-ல் எட்டாம் ஹென்றி சட்டமே போட்டார். தொழிலாளிகளும் வேலைக்காரர்களும் கிறிஸ்துமஸ் சமயத்தில் மட்டும், அதுவும் எஜமானர் வீட்டில்தான் ஆடலாம். அந்தச் சட்டம் போனது 1845-ல்!

நாங்கள் போன அன்று அங்கே விசேஷப் போட்டி. 1776-ல் ஆரம்பித்ததாம். முதலில் ஏழு பாயின்ட் எடுப்பவர் ஜெயித்தவர். சமயத்தில் நாள்கணக்கில் இழுக்குமாம். ஜெயித்தவருக்கு 'நைட்' பட்டம். ராஜா ராணி கொடுப்பதில்லை, கிளப்பே கொடுப்பது. அதன்பிறகு கிளப்பில் அவர் 'சர்'!

ஓரமாகச் சில பெரியவர்கள், கறுப்பு நீளக் கோட்டு, உயரத் தொப்பி, மார்பில் மெடலோடு நின்றார்கள். ஒருவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் குனிந்து, எந்தப் பந்து கிட்டே இருக்கிறது என்று அளந்தார்.

"இவங்கள்ளாம் யாரும்மா?"

"முன்னாடி ஜெயிச்ச 'சர்'கள்ப்பா. ஒரு தடவை ஜெயிச்சுட்டா அப்புறம் இந்தப் போட்டியில ஆடக்கூடாது. அடுத்தவங்க ஆடறதுக்கு அளந்து கொடுக்கணும்."

என் மனைவி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் கிளப்பில் ஆரம்பத்தில் முப்பது பேர். நான் கிளம்பும்போது ஐந்து பேர். டி.வி. வந்தது, செல்போன் வந்தது, பசங்களுக்கு அக்கறை இல்லை என்று எல்லோரிடமும் புலம்பியிருக்கிறேன். இரண்டாவது மாடிப் பையன் மூன்று ஃபைனலில் என்னிடம் தோற்றான். நாலாவது வருஷம் வரவே இல்லை. ஏன் என்று நான் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஆயுள் பூரா ஜெயிக்கலாம் என்று விட்டிருந்தால், அந்த சவுத்தாம்ப்டன் கிளப்பிலும் கடைசியில் ஒருத்தர்தான் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்.

ஊர் திரும்பியதும் இரண்டாவது மாடி ஏறினேன். "தம்பி, இந்த வருஷம் நான் ஆடலை. ஸ்கோர் எழுதறேன். நீ வா" என்றேன். சந்தேகமாகப் பார்த்தான். ஆனால் வந்தான். இரண்டு சிநேகிதர்களையும் கூட்டிக்கொண்டு வந்தான்.

இப்போது போர்டுக்கு பவுடர் போடுவது, ஸ்கோர் எழுதுவது, சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்வது எல்லாம் நான்தான். பசங்கள் என்னை 'சார்' என்கிறார்கள். முன்பும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இப்போதுதான் கூப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறார்கள்.