வலது கால்

பேரன் இன்டர்செப்டர் 650 வாங்கி வந்திருந்தான். இரட்டை சிலிண்டர், 648 சி.சி., 47 குதிரைசக்தி, ஆறு கியர். திருவொற்றியூரில் செய்த என் பழைய புல்லட் 346 சி.சி., நான்கே கியர். ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருமுன் உதைத்தால் அது நம்மைத் திருப்பி உதைக்கும்.

"ஓட்டிப் பாருங்க தாத்தா" என்று பின்னால் ஏறிக்கொண்டான். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்குக் கிளட்ச் இன்றும் 'அம்ப்ரெயாஜ்'தான். அதைப் பிடித்து, அவன் சொன்னபடி இடது காலால் முதல் கியர் போட்டேன். வெண்ணாற்றங்கரையில் இரண்டாவது கியருக்கு, பழக்க தோஷம், வலது காலை அழுத்தினேன். புல்லட்டில் அங்கேதான் கியர். இதில் பிரேக்! வண்டி குலுங்கி நின்றது. ஏ.பி.எஸ். இருந்ததால் சறுக்கவில்லை. பின்னால் நெல் மூட்டையோடு வந்த டிராக்டர் உரசாமல் விலகிப் போயிற்று.

இறங்கிச் சாவியைக் கொடுத்தேன்.

"பாட்டிகிட்ட சொல்லாதேடா."