கால் இன்ச்

போன குளிர்காலத்தில் எங்கள் தையல் குழு ஒரு குயில்ட் தைத்து முடித்தது. அதில் மேலிருந்து இரண்டாவது வரிசையில், கருநீலத்தில் வெள்ளைப் பனிப்பூ விரிந்த ஒரு கட்டம் என் பெயரில் இருக்கிறது. பார்க்க வந்தவர்கள் அந்தப் பூவின் முனைகளைத் தொட்டுத் தொட்டுப் பாராட்டினார்கள். அந்த முனைகளைத் தைத்தது நான் இல்லை. தைத்தவர் அதே அறையில் எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அது தெரிந்தும் பாராட்டையெல்லாம் வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்காமல் நின்றிருந்தால்கூட ஒரு அளவோடு போயிருக்கும். “எங்க அப்பா மதுரையில் டெய்லர்” என்று சொல்லி, அந்தப் பொய்க்கு அப்பாவையும் சாட்சிக்கு இழுத்தேன்.

இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்கப்போவதும் இல்லை. அதனால் நானாகத்தான் சொல்ல வேண்டும்.

நான் இருப்பது கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்தின் கிச்சனரில். 1800-களின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவிலிருந்து வந்து குடியேறிய மென்னனைட் மக்களின் ஊர்கள் இந்த நகரத்தைச் சுற்றி இருக்கின்றன. குயில்ட் என்பது இந்தப் பக்கத்தில் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அருகிலுள்ள நியூ ஹாம்பர்க்கில் 1967 முதல் நிவாரண நிதிக்காக நடந்துவரும் ஏலத்தில் பேர்பெற்றவை குயில்ட்டுகள்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் வீடிழந்த பிரிட்டன் மக்களுக்காக, கனடாவில் ஊர் ஊராகப் பெண்கள் கூடி உட்கார்ந்து குயில்ட்டுகள் தைத்துச் செஞ்சிலுவைச் சங்கம் வழியாக அனுப்பினார்கள். யார் போர்த்தப்போகிறார்கள் என்று தெரியாமலேயே தைத்தார்கள். எங்கள் குழுவும் அப்படித்தான். குளிர்காலத்துக்கு ஒரு குயில்ட், அது தேவைப்படும் ஏதோ ஒரு குடும்பத்துக்கு.

மேலே துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த ஒரு அடுக்கு, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு முழுத்துணி. மூன்றையும் ஒன்றாகப் பிடித்து ஓடும் தையல். இதுதான் குயில்ட். மேலடுக்கைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று தைக்கலாம். அந்தக் கட்டத்துக்குப் பிளாக் என்று பெயர். தைத்துக் கொடுக்கும்போது பக்கத்துக்கு 12½ இன்ச் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டங்களோடு சேர்த்துத் தைத்தபின் 12 இன்ச் ஆகிவிடும். இருபது பேர் இருபது வீடுகளில் தைத்தாலும் கடைசியில் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும் என்பதால் இந்த அளவில் சலுகை கிடையாது.

போன முறை எல்லோருக்கும் பனிக்கால வடிவங்கள். ஒருவருக்குப் பைன் மரம், ஒருவருக்குக் கையுறை, இன்னொருவருக்குக் கரடிப் பாதம். எனக்குப் பனிப்பூ. குழுவை நடத்தும் அம்மையாருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். வடிவங்களைப் பிரித்துக் கொடுத்த அன்று வில்சன் பென்ட்லியைப் பற்றிச் சொன்னார். வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் விவசாயியாக இருந்தவர். நுண்ணோக்கியோடு கேமராவைப் பொருத்தி 1885-இல் ஒற்றைப் பனித்துகளைப் படமெடுத்தார். அதற்குப் பிறகு வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கைகோத்துக்கொள்வதால் பனித்துகளுக்கு ஆறு கைகள்தான் வரும், எட்டு வராது. ஆனால் சதுரங்களை அடுக்கித் தைக்கிறவர்களுக்கு எட்டுதான் எளிது. ஆறு வேண்டுமென்றால் 60 பாகைக் கோணத்தில் வெட்டித் தைக்க வேண்டும். “நாம் தைக்கப்போவது எட்டுக்கைப் பனி, அந்தப் பொய்யைத் தெரிந்தே செய்கிறோம், மற்றதெல்லாம் சரியாக இருக்கட்டும்” என்றார் அவர்.

என் பிளாக்கின் அமைப்பு இது: 16 சிறு சதுரங்கள், நாலுக்கு நாலு. ஒவ்வொரு சதுரமும் குறுக்கே பாதி நீலம், பாதி வெள்ளை. அடுக்குகிற விதத்தில் வெள்ளை முக்கோணங்கள் சேர்ந்து பூவாகும். பார்த்ததும், இது ஒரு வேலையா என்று நினைத்தேன். என் தவறு அந்த நினைப்பில் தொடங்கியது.

அப்பா மதுரை புதுமண்டபத்தில் மெஷின் போட்டிருந்தவர். திருமலை நாயக்கர் கட்டிய மண்டபம். சிற்பத் தூண்களுக்கு நடுவில் வரிசையாகத் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. சித்திரைத் திருவிழா நெருங்கினால் அழகர் வேஷத் துணிகள், மற்ற நாட்களில் ரவிக்கை. பள்ளிக்கூடம் விட்டதும் நான் போவது அங்கேதான். ஊக்கு, கொக்கி வைப்பதில் ஆரம்பித்துக் கல்யாணத்துக்கு முன்பே முழு ரவிக்கை தைக்கப் பழகிவிட்டேன். அளவு ரவிக்கையைக் கையில் வாங்கினால் போதும், டேப் வைக்காமலே அளவு சொல்லுவேன். கிராஸ் பீஸ் வெட்டுவதில் என் கை அப்பாவின் கையைவிடச் சுத்தம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ரவிக்கைத் தையலின் முதல் பாடம், உள்ளே துணி விடுவது. உடம்பு நாளைக்குப் பருக்கும். பக்கவாட்டில் ஒரு இன்ச்சுக்குக் குறையாமல் விட்டு இரண்டு மூன்று தையல் ஓட்டிவைத்தால், வேண்டும்போது ஒன்றைப் பிரித்துக்கொள்ளலாம். அந்தத் தொழிலில் பிழைக்குப் பிறகு இடம் உண்டு. குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இன்ச். அதற்குமேல் ஒரு நூல் போனாலும் கணக்கு கெடும். சொல்லப்போனால் முழுக் கால் இன்ச்சும் கூடாது. தைத்த துணியை மடித்துத் தேய்க்கும்போது மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடும் என்பதால், ஓரிரு நூல் குறைத்துத் தைக்க வேண்டும்.

இதற்கு ஒரு பரிட்சை இருக்கிறது. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்து, தேய்த்து, நடுப்பட்டையை அளந்து பார்க்க வேண்டும். சரியாக ஒரு இன்ச் வந்தால் உங்கள் மெஷினில் கால் இன்ச் விழுகிறது என்று அர்த்தம். கொஞ்சம் குறைந்தாலும் தையல் தடித்துவிட்டது என்று அர்த்தம். அம்மையார் இதை எல்லோரையும் வீட்டில் செய்துபார்க்கச் சொன்னார். மற்றவர்கள் எல்லோரும் செய்தார்கள். மாலையெல்லாம் மெஷின் சத்தத்தில் வளர்ந்தவள் நான். பட்டை தைத்துப் பரிட்சை எழுதுவதா என்று விட்டுவிட்டேன். கேட்டபோது செய்துவிட்டேன் என்றேன். அதுதான் முதல் பொய்.

வெட்டியதில் குறை இல்லை. 16 சதுரமும் 3½ இன்ச்சுக்குப் பிசகாமல் இருந்தன. தைக்கும்போது, காலங்காலமாகச் செய்கிறபடி, மெஷினின் பாதத்து ஓரத்தோடு துணியின் ஓரத்தைச் சேர்த்துப் பிடித்து ஓட்டினேன். என் மெஷினில் ஊசியிலிருந்து பாதத்தின் ஓரம் வரை கால் இன்ச் இல்லை, அதைவிட ஒரு இன்ச்சில் பதினாறில் ஒரு பங்கு அதிகம். கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம். ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கத்துத் துணியும் உள்ளே போகிறது. அப்போது அரைக்கால் இன்ச். குறுக்கே மூன்று தையல். என் பிளாக் 12½ வர வேண்டிய இடத்தில் 12⅛ வந்தது.

அந்த இரவு எனக்கு வழி தெரியும். பிரித்துத் தைக்க வேண்டும், அவ்வளவுதான். பிரிக்கவில்லை. பிரித்தால், பரிட்சை செய்யவில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கஞ்சி ஸ்பிரேயை அடித்து, ஈரத்தோடு பலகையில் குண்டூசி குத்தி நாலு பக்கமும் இழுத்து, ஆவியோடு தேய்த்தேன். நேர் இழையில் துணி அசையாது. ஆனால் இந்தச் சதுரங்களின் குறுக்குத் தையல்கள் கிராஸில், இழைக்குச் சாய்வாக இருந்தன, அங்கே இழுபட்டது. ஓரங்கள் கிட்டத்தட்ட அளவுக்கு வந்தன. நடுவில் பூ கோணிக்கொண்டது. முனைகளில் பாதி மொட்டை. அதை மடித்து, மற்ற பிளாக்குகளுக்கு அடியில் வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. குயில்ட்டைச் சுவரில் தொங்கவிட்ட அன்றுதான் பார்த்தேன். என் பூ நேராக நின்றது. எட்டு முனையும் ஊசி முனையாக இருந்தது. முதலில், இழுத்துத் தேய்த்தது வேலை செய்துவிட்டது என்று நம்பப் பார்த்தேன். கிட்டப் போனேன். கருநீலத் துணியில், தையலை ஒட்டி, அதற்கு இணையாக, புள்ளி வைத்தாற்போல் மெல்லிய துளைவரிசை. என் ஊசித்துளைகள். அகலமாக ஓடிய பழைய தையலைப் பிரித்து, ஓரத்துக்கு நெருக்கமாகப் புதுத் தையல் போட்டதால், பழைய துளைகள் முன்பக்கம் வந்து நின்றுவிட்டன. துணியை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தேன். நான் வெள்ளை நூலில் தைத்திருந்தேன். உள்ளே இருந்தது சாம்பல் நூல். அந்தக் குழுவில் எந்த நிறத்துக்கும் சாம்பல் நூலே போதும் என்று சொல்லி, எப்போதும் அதையே பாபினில் சுற்றிவைத்திருப்பவர் ஒருவர்தான். மூட்டுவாதத்தால் விரல் கணுக்கள் வீங்கி, கத்தரியைப் பிடிக்கவே சிரமப்படுகிறவர். அந்த விரல்களோடு, சின்னத் தையல் பிரிக்கும் கத்தியை வைத்து, என் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்திருக்கிறார்.

அப்போதுதான் ஒருவர் வந்து பாராட்டினார். நான் அப்பாவைச் சொன்னேன்.

வாடிக்கையாளர்கள் ரவிக்கையைப் பாராட்டினால் அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். கைத்தையல் நன்றாக இருக்கிறது என்று சொன்னால், பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் காட்டி, “ஹெம்மிங் இவர் போட்டதும்மா” என்பார். வந்தவர்கள் அந்த ஆளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நான் சின்ன வயதில் தினமும் பார்த்த காட்சி. அந்த அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் நான் இன்னொருவரின் கையை மறைத்தேன். என் மேல் எனக்கு ஆறாமல் இருப்பது இதில்தான்.

அந்த வாரம் அப்பாவோடு போனில் பேசினேன். குயில்ட் படம் அனுப்பியிருந்தேன்.

“தையலுக்கு எவ்வளவும்மா விட்ட?”

“கால் இன்ச்ப்பா.”

“கால் இன்ச்சா? அப்புறம் பிரிச்சுத் தைக்க என்ன செய்வீங்க?”

“பிரிக்கிற மாதிரி வராதுப்பா. அளவா தைச்சிடணும்.”

“நீ தைச்சிட்டியே” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.

குயில்ட் ஒரு குடும்பத்துக்குப் போய்விட்டது. இந்த ஆண்டு தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து புதிதாக வந்த ஒரு பெண் குழுவில் சேர்ந்தாள். படத்தில் என் பிளாக்கைப் பார்த்துவிட்டு, எனக்குச் சொல்லித்தாங்க அக்கா என்று கேட்டாள். அவளிடம் மெஷின் இல்லை. என் வீட்டுக்கு வந்தாள். என் மெஷினில், அதே பாதத்தில் தைக்கவிட்டேன். கால் இன்ச் பாதம் தனியாக வாங்கி மாட்டலாம். அல்லது ஊசியிலிருந்து அளந்து ஒரு டேப்பை ஒட்டிக்கொள்ளலாம். இரண்டையும் நான் செய்யவில்லை. செய்தால் ஏன் என்று கேட்பாள். அவளுடைய பிளாக்கும் குறைந்துதான் வந்தது. “கை நிதானம் பத்தல, முழுசா பிரிச்சிடு” என்றேன். தலையைக் குனிந்துகொண்டு பிரித்தாள். பிழை மெஷினிலும் என்னிலும் இருந்தது. பழியை அவள் கையில் போட்டேன்.

இரண்டாவது முறையும் குறைந்தபோது எனக்குத் தாங்கவில்லை. ஸ்கேலை எடுத்து ஊசியிலிருந்து அளந்து டேப்பை ஒட்டினேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இதை முதல்லயே ஒட்டியிருக்கலாமேக்கா. நீங்க எப்படி இது இல்லாம தைச்சீங்க?”

“நான் தைக்கல” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன், பட்டைப் பரிட்சையிலிருந்து துளைகள் வரை. அவள் கோபப்படவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “அந்தம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

போன வாரம் சொன்னேன். அவர் துளைகளை நான் கவனித்ததைத்தான் ஆச்சரியமாகக் கேட்டார். ஈரத்துணி வைத்துத் தேய்த்தும் மறையவில்லை, அந்த நீலம் அப்படி, என்றார். விஷயத்தைக் குழுவில் சொல்ல வேண்டாம், தேவையில்லை என்றார். தேவை எனக்கு இருக்கிறது என்றேன். பிறகு அப்பாவுக்கும் போன் செய்து சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டார்.

குழுவின் ஆல்பத்தில் அந்தப் படத்துக்குக் கீழே என் பெயர் மட்டும் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அந்தச் சீட்டை எடுத்துவிட்டு வேறு எழுதி ஒட்டப்போகிறேன். வெட்டியது என் பெயரில், தைத்தது அவர் பெயரில்.